பூவுக்குப் புராணம் எதற்கு?

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், மகாவலி கங்கையை அடுத்து, வில்கமுவ என்றொரு பிரதேசம் இருக்கிறது. இப்பெயரைப் புதிதாகக் கேட்கும் தமிழன்பர்கள் சிலர் உடனே வில்லைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். வில் என்றால் இராமன். இராமன் என்றால் இலங்கை. ஆகவே இராமபிரான் வில்லை ஊன்றி இளைப்பாறிய ஊர் இதுதான்! மகாவலி மட்டும் தப்புமா? அது மகாபலிச் சக்கரவர்த்தியின் பெயராகிவிடுகிறது. படித்தவர்களே, மேடையேறிப் பேசுகிறவர்களே, இவ்விளக்கங்களைக் கூச்சமின்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

உண்மையோ மிக எளியது. சிங்களத்தில் ‘வில’ என்பது அல்லியும் தாமரையும் மண்டி நிற்கும் நீர்நிலை. ‘கமுவ’ என்பது ஊர். ஈழத்துத் தமிழரும் இச்சொல்லை அறியாதவர்கள் அல்லர். வில்பத்துக் காட்டின் நீர்நிலைகளை ‘வில்லு’ என்றே வழங்குகிறோம். மகாவலியைப் பாளி நூல்கள் ‘மஹாவாலுக’ என்கின்றன. பெருமணல் ஆறு என்பது பொருள். பெயரிட்டவன் நீரில் இறங்கி நின்றவன். கண்ணால் கண்ட மணலையும் குளத்தையும் சொன்னான். விளக்கம் சொல்ல வந்தவன் கரையில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டான்.

ஊரின் பெயருக்கு நேர்ந்த இக்கதி பூக்களின் பெயர்களுக்கு நெடுங்காலமாகவே நேர்ந்துவருகிறது. கோயில் திருவிழா மலரைப் புரட்டுங்கள். பாடசாலை ஆண்டு மலரைப் புரட்டுங்கள். நாட்காட்டித் தாளின் பின்புறத்தைத் திருப்புங்கள். எந்த மலரில் பார்த்தாலும் மலரைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும். அதில் இன்ன பூ இன்ன தேவனின் கண்ணீரில் பிறந்தது, இன்ன பூ இன்ன முனிவரின் சாபத்தால் நிறம் மாறியது என்று எழுதியிருக்கும். அந்தப் பூ எந்த மண்ணில் முளைக்கும், எந்த மாதத்தில் மலரும், தொட்டால் கையரிக்குமா, தின்றால் உயிர்போகுமா என்பதை மட்டும் எழுதியிருக்காது.

இதில் நமக்கென்ன ஆத்திரம் என்று கேட்கலாம். நாம் வில்கமுவவில் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கிறோம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டத்தில் ஏறிய மொழியைச் சிங்களப் பிள்ளையின் நாவில் ஏற்றும் வேலை ஆசிரியருடையது. அந்த வேலை எங்கே தொடங்குகிறது? கை, கால், கண், கறுப்பு, வெள்ளை, மாம்பழம், வாழைப்பழம், தாமரை, மல்லிகை. இலக்கணத்துக்கும் இலக்கியத்துக்கும் முன்னே பூவின் பெயர் வந்து நிற்கிறது. அந்தப் பெயரைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் நாம் ஒரு மொழியைத் தப்பாகத் திறந்துவிடுகிறோம். ஆகவே இது நமக்குப் பொழுதுபோக்கு விவகாரம் அன்று.

முதலில் நாகலிங்கப் பூவை எடுத்துக்கொள்வோம். புராணப் பிரியர்களின் கையில் இதைவிட அகப்பட்டுக்கொண்ட மரம் வேறில்லை. மரத்தின் அடியிலிருந்தே கயிறு கயிறாகத் தொங்கும் கிளைகளில் பூக்கும் பூ அது. நடுவே சிறு குமிழ். அதன்மேல் கவிந்து நிற்கும் மகரந்தத் தொகுதி. சைவர் பார்த்தார்: குமிழ் சிவலிங்கம், கவிந்தது நாகத்தின் படம். நாகலிங்கம் என்று பெயராயிற்று. பௌத்தர் பார்த்தார்: நடுவே தூபி, சூழ நின்று வணங்குவோர் கூட்டம். ‘சல்’ மரம் என்று பெயராயிற்று. லும்பினியில் சித்தார்த்தன் பிறந்தது சால மரத்தின் கீழ் என்றும், குசிநாராவில் புத்தர் கண்மூடியது இரட்டைச் சால மரங்களுக்கிடையே என்றும் பௌத்த மரபு சொல்லும். அந்தச் சாலம் இதுதான் என்று விகாரை முற்றங்களில் வேலி கட்டி விளக்கேற்றி வணங்குகிறார்கள்.

இந்த மரத்தின் சொந்த ஊர் எது தெரியுமா? தென்னமெரிக்கா. 1775இல் ஓப்லே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் கயானாக் காடுகளில் அதனைக் கண்டு, அங்குள்ள பழங்குடி மக்கள் அதற்கு வழங்கிய பெயரைத் தழுவி ‘கூரூபிற்றா’ என்று எழுதினார். பேராதனைத் தோட்டத்துக்கு அது வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெள்ளைக்காரன் ஆட்சியிலே. அதன் உருண்டைக் காயைப் பார்த்து அவன் பீரங்கிக் குண்டு மரம் என்றான். அவன் கையில் இருந்தது அவன் நினைவுக்கு வந்தது. மெய்யான சால மரமோ இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் காடாக வளர்வது. இலையிலும் பூவிலும் காயிலும் இதனோடு எவ்வித உறவும் இல்லாதது.

பக்தர்கள் பூவைக் கண்டு கைகூப்புவதை நாம் பழிக்கவில்லை. புதிதாக வந்த மரத்தில் தம் மனத்துக்கு இனியதைக் காண்பது மக்கள் எல்லா நாட்டிலும் செய்வதே. நாம் பழிப்பது அடுத்த படியை. இந்த மரத்துக்கு ஈராயிரம் ஆண்டுச் சரித்திரம் எழுதிவிடுகிறார்களே, அதை. சைவர் சபையில் ஒருவர் ‘ஆதிகாலம் முதல் நம் ஆலயங்களில் நின்ற மரம்’ என்கிறார். மறுபக்கத்தில் ஒருவர் ‘எங்கள் சல் மரத்தைப் பறித்து வேறு பெயர் சூட்டிவிட்டார்கள்’ என்கிறார். கப்பலில் வந்து இறங்கிய கன்றுக்கு இரு தரப்பாரும் பூர்வீக உறுதி எழுதிக்கொண்டு சண்டை பிடிக்கிறார்கள். அந்த மரத்துக்கு உண்மையாகவே பெயர் வைத்த கயானாப் பழங்குடிகள் மட்டும் இந்த வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கப்படவேயில்லை. நிலத்துக்கும் கோயிலுக்கும் நடந்த சண்டைகளில் இந்த நாடு இழந்ததைக் கண்டவர்கள் நாம். மரத்தின் பெயரில் முளைக்கும் சண்டையைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்துவிட்டுப் போக நம்மால் முடியவில்லை.

குளத்துக்கு வருவோம். வில்கமுவவின் பெயரிலேயே இருக்கும் குளம் அது. அங்கே இரு பூக்கள் அக்கம்பக்கமாக நிற்கின்றன. ஒன்று தாமரை; மற்றது அல்லி, ஆம்பல், குவளை என்று நாம் பல பெயரால் பிரித்து அழைக்கும் இனம். சிங்களத்தில் முன்னது நெலும்; பின்னதில் வெண்மை ஓலு, நீலம் மானெல். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இலத்தீனில் பெயரிட்டபோது, இவ்விரண்டையும் ‘நிம்ஃபேயா’ என்ற ஒரே பெயரில் அடக்கினார். நிம்ஃப் என்பது கிரேக்கப் புராணத்து நீரரமகள். ஐரோப்பாவின் விஞ்ஞானமும் தன் பங்குக்குப் புராணத்தையே எடுத்துப் பூசியது என்பதை நம் நண்பர்கள் கவனிக்கவேண்டும். இந்நோய் கீழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆனால் பிரெஞ்சு அறிஞர் அதான்சன் 1763இல் தாமரை வேறு இனம் என்று கண்டு அதனைத் தனியே பிரித்தார். பிரித்து என்ன பெயர் வைத்தார்? ‘நெலும்போ’. சிங்களக் கிராமத்தான் வாயில் வழங்கிய நெலும்தான் அது.

ஆக, இன்று டோக்கியோவில் இருக்கும் தாவரவியலாளனும் மெக்சிக்கோவில் இருக்கும் தாவரவியலாளனும் தாமரையைச் சிங்களப் பெயரால் குறிக்கிறார்கள். பிரமன் அமர்ந்த ஆசனம், திருமகள் உறையும் இல்லம், புத்தன் அடி வைத்த இடம் என்ற விருதுகள் ஒன்றும் அப்பெயரில் இல்லை. குளத்தில் இறங்கிக் கிழங்கும் பூவும் பறித்தவன் சொன்ன ஒரு சொல் இருக்கிறது. அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கம்பெனியின் வைத்தியராகக் கொழும்பில் இருந்த பவுல் ஹெர்மான் இலங்கைச் செடிகளை உலர்த்தி ஒட்டி, நாட்டார் சொன்ன பெயர்களையும் எழுதிவைத்தார். அவர் சேகரிப்பைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைச் செடிகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஹெர்மானின் பெயரால் ‘ஹெர்மான்னியா’ என்றொரு செடியினமே இருக்கிறது. அவருக்குச் செடியைக் காட்டி, பெயரைச் சொல்லி, மருந்து எதற்கென்றும் விளக்கிய கிராமத்தானுக்கு? அதே காலத்தில் கொச்சியில் வான் றீட் என்ற ஒல்லாந்த அதிகாரி ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பன்னிரண்டு தொகுதிகளைத் தொகுத்தபோது, ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் தந்த சாட்சியத்தை அவர் மொழியிலேயே அச்சிட்டார். 1678இல் வெளிவந்த முதல் தொகுதியில் அதனை இன்றும் காணலாம். தாழ்ந்த குலம் என்று ஊரார் ஒதுக்கிய ஒருவரின் அறிவு அந்த நூலின் முகப்பிலே நிற்கிறது. பூவின் பெயர்வரலாறு என்று நாம் சொல்வது இதைத்தான். பிள்ளைகளுக்குச் சொல்லக் கதை வேண்டுமென்றால் இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

நீல மானெல் 1986இல் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. பாளியில் உப்பலம், சிங்களத்தில் உபுல், வடமொழியில் உத்பலம். அந்த நிறத்துக்குரிய தேவன் உபுல்வன், பின்னாளில் திருமாலோடு ஒன்றாக்கப்பட்டவன். இதெல்லாம் சமய சரித்திரம், படிக்கத் தக்கதே. பூவின் சரித்திரம் மட்டும் வேறு.

அதே குளத்தில் மூன்றாவதாக ஒரு பூ இருக்கிறது. ஊதா நிறம், பார்க்க அழகு, குளத்தையே மூடி மூச்சடைக்கச் செய்வது. நாம் ஆகாயத் தாமரை என்கிறோம். வெங்காயத் தாமரை என்றும் சொல்வர். சிங்களத்தில் ஜப்பான் ஜபர. ஆங்கிலத்தில் நீர் ஹயசிந்து. இதைப் போலப் பெயர்களே பொய் சொல்லும் செடியைக் காண்பது அரிது. அது தாமரையும் அன்று, ஆகாயத்திலிருந்தும் வரவில்லை, ஜப்பானுக்கும் உரியதன்று. ஹயசிந்து என்பது அப்பல்லோ எறிந்த வட்டு தலையில் பட்டு இறந்த கிரேக்க இளைஞனின் பெயர். அவன் குருதியில் பூத்த பூ என்பது கதை. அந்தப் பூவுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது அமேசான் ஆற்றுச் செடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளிலேயே குளங்களையும் வாய்க்கால்களையும் அடைத்துக்கொண்டதால், 1909இல் இதை ஒழிப்பதற்கென்றே அரசாங்கம் சட்டம் இயற்ற நேர்ந்தது. மாளிகைத் தொட்டிக்கு வந்த பூ; கழுத்தளவு நீரில் நின்று அதை வாரிக் கரையில் போடுகிறவனோ விவசாயி. அவன் இதற்கு என்ன பெயர் வைத்தான் என்பதை அச்சில் போட முடியாது.

இனித் தாழை. மலர்ப் புராணங்களில் நமக்கு மிகவும் கசப்பானது இதுதான். சிவனின் அடியையும் முடியையும் தேடிப் பிரமனும் திருமாலும் போட்டியிட்டார்களாம். முடியைக் காணாத பிரமன், மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சியாக இழுத்து, கண்டேன் என்று பொய் சொன்னானாம். பொய் வெளிப்பட்டது. பூவுக்குத் தண்டனை: சிவபூசைக்கு ஆகாது. பிரமனுக்குக் கோயில் அரிது என்கிறார்கள். ஆனாலும் அவன் பிரமனாகவே இருக்கிறான், படைத்துக்கொண்டே இருக்கிறான். பெரியவர்கள் போட்டியிட, பிடித்து இழுக்கப்பட்ட சாட்சிக்காரனுக்குச் சிறை! நம் ஊர் வழக்கு மன்றங்களின் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இக்கதை எங்கே பிறந்தது என்று சொல்லத் தேவையில்லை.

தாழை என்ற பெயரிலோ கேதகை என்ற பெயரிலோ பொய்யும் இல்லை, சாபமும் இல்லை. தமிழில் இதற்குக் கைதை என்றும் பெயர். மலையாளத்தார் இன்றும் கைத என்கிறார்கள். 1961இல் பர்ரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, வடமொழிக் கேதகத்தை இந்தக் கைதையோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. சிங்களத்தில் வெட்டகெய்யா. ‘வெட்ட’ என்பது வேலி. ‘கெய்யா’ கேதகத்தின் மாறிய உருவம். வேலித் தாழை! நெய்தல் நிலத்து மக்கள் அதை வேலியாக வைத்தார்கள். முள்ளைச் சீவி ஓலையைக் கிழித்துப் பாய் முடைந்தார்கள். பெயர் அந்த வேலியிலிருந்தும் அந்தப் பாயிலிருந்தும் வந்தது. பாய் முடைகிறவளின் விரலில் கீறிய முள்ளைப் பற்றி எந்தப் புராணமும் ஒரு சொல் சொல்லவில்லை.

பவளமல்லியின் கதையும் இந்த இனந்தான். சூரியனைக் காதலித்த அரசிளங்குமரி ஒருத்தி அவனால் கைவிடப்பட்டுத் தீப்புகுந்தாளாம். சாம்பலில் முளைத்த மரம் சூரியனைக் காணச் சகியாமல் விடியுமுன் பூவை உதிர்க்கிறதாம். இதையொட்டி இலத்தீனில் துயரமரம் என்ற பொருளிலே பெயர் வைத்தார்கள். அப்பல்லோ துரத்தியபோது ஓடி மரமாகிப்போன தாஃப்னியின் கதை கிரேக்கத்தில். திருமால் வஞ்சித்த பிருந்தை துளசியான கதை நம்மிடத்தில். உலகத்துப் புராணங்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டதுபோல, ஆண் தேவனால் வஞ்சிக்கப்பட்ட பெண்ணைச் செடியாக்கித் தோட்டத்தில் நட்டுவிடுகின்றன. செடி பேசாது, அது வசதி. இதையே வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் பெண்பிள்ளைக்கு அழகான கதை என்று சொல்லிக்கொடுக்கிறோம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கியபோது இதனைச் சேடல் என்று சொல்லிவிட்டு மேலே போனார். அவர் பாட்டில் பெண்கள் பூக்களைப் பறிக்கிறார்கள், பாறையில் குவிக்கிறார்கள், தழையுடை உடுத்துகிறார்கள், ஒருத்தியும் சாம்பலாகவில்லை. எருக்கம்பூவையும் தெய்வம் வேண்டாமென்று சொல்லாது என்று புறநானூற்றில் பாடியவரும் அவரேதான்.

இவ்வளவும் கேட்டு, நம்மைத் தூய தமிழ்க் கட்சியில் சேர்த்துக்கொள்ள ஆவலோடு வரும் நண்பர்களும் உண்டு. அவர்களுக்கும் இரண்டு சொல் உண்டு. வடமொழிப் புராணத்தைத் தள்ளிவிட்டு, உலகத்துப் பூக்களெல்லாம் தமிழில்தான் பெயர் பெற்றன என்று புதிய புராணம் எழுதுவதில் நமக்குச் சம்மதமில்லை. ஜாஸ்மின் என்ற சொல் பாரசீக யாசமனிலிருந்து அரபிவழி ஐரோப்பாவுக்குப் போனது. அதை முல்லையிலிருந்து வளைத்தெடுக்க வேண்டாம். துலிப் என்பது தலைப்பாகையைக் குறித்த பாரசீகச் சொல்லின் திரிபு. இதனால் தமிழுக்கு என்ன குறைந்துவிட்டது? உண்மையாகவே தமிழிலிருந்து போன பெயர்கள் இருக்கின்றனவே. ஆங்கிலத்தில் போர்ஷியா மரம் என்பது நம் பூவரசு. அதிலும் நம்மவர்கள் பூக்களின் அரசு என்று முடிசூட்டி மகிழ்கிறார்கள். அரச மரத்து இலையை ஒத்த இலையும், அரசுக்கு இல்லாத கண்கவர் பூவும் உடையது என்பதே பொருள், பூக்கின்ற அரசு. அதே மரத்தைத் தகீத்தித் தீவில் வழிபாட்டிடங்களில் கண்ட சொலாந்தர், கிரேக்கத்தில் ‘தெய்வீகம்’ என்னும் சொல்லை அதற்குப் பெயராக்கினார். யாழ்ப்பாணத்தானோ அதை வேலியிலே நட்டு, தழையை வெட்டி வயலுக்குப் பசளையாகப் போட்டான்.

துலுக்கச் சாமந்தி என்ற பெயரை எடுத்துப் பாருங்கள். மெக்சிக்கோவிலிருந்து வந்த பூவுக்கு அயலான் என்ற கருத்தில் ஒரு சமூகத்தின் பெயரை ஒட்டினோம். சிங்களவர் தாஸ்பெத்தியா, ஆயிரம் இதழி என்றார்கள். எது நல்ல பெயர்? நாம் வகுப்பில் சிங்களப் பெயரையே புகழ்கிறோம். தமிழாசிரியர் இப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். பூவை எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள்; நாம் எண்ணவில்லை.

பெயரைத் தப்பாகச் சொல்வதால் யாருக்கு நட்டம் என்று கேட்கிறவர்களுக்காக அரளியை இறுதியில் வைத்தோம். தமிழில் அரளி, அலரி என்பது நஞ்சுள்ள செடி. வேர், இலை, பூ, விதை எதையும் உண்ணலாகாது; இதயத்தின் துடிப்பையே குலைக்கும். சிங்களத்தில் அரலிய என்பது வேறு மரம்: விகாரை முற்றத்தில் நிற்கும், வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூக்கும் மரம். அமெரிக்காவிலிருந்து வந்தது அது. லின்னேயஸ் அதற்குப் புளூமியே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரை வைத்தார். தமிழ்நாட்டார் அதனை ஈழத்தலரி என்றார்கள். தமிழ் அரளியே சிங்களத்தில் அரலிய ஆயிற்று என்று கருத இடமுண்டு. சொல் இங்கிருந்து அங்கே போக, அந்தத் தீவின் பெயரோடு பூ திரும்பி வந்திருக்கிறது. மொழிகள் இப்படித்தான் ஒன்றுக்கொன்று கைமாற்றுக் கொடுக்கும். நஞ்சுள்ள அரளியைச் சிங்களவர் கணேரு என்பார்கள்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். பிள்ளைகளுக்கென்று தயாரித்த இருமொழிச் சொற்பட்டியல் ஒன்று நம் கைக்கு வந்தது. அதில் அரலியவுக்கு நேரே அரளி என்று போட்டிருந்தார்கள். ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான் பார்த்தார்கள். பட்டியலின் மறுபக்கத்தில் அரளி சிவபெருமானுக்கு உகந்த மலர் என்ற குறிப்பும் உண்டு. நஞ்சு என்ற சொல் இரு பக்கத்திலும் இல்லை. விகாரைப் பூ என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கணேருச் செடியிடம் போனால் யார் பொறுப்பு? மஞ்சள் அலரியால் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி நாட்டின் மற்றப் பகுதிகளிலும் இளம் உயிர்கள் போனதை வைத்திய நூல்கள் பதிந்திருக்கின்றன. கேரளத்தில் ஐயத்தைக் கிளப்பிய ஓர் இறப்பை அடுத்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. கோயிலே பூவின் நஞ்சை ஒப்புக்கொண்டபிறகும் நம் சொற்பட்டியல் ஒப்புக்கொள்ளவில்லை!

காந்தளும் அப்படியே. கார்த்திகைப் பூ என்று நாம் சொல்வதைச் சிங்களவர் நியங்கலா என்பார்கள். வஸ்கமுவக் காட்டோரப் பற்றைகளில் மழைக்காலத்தில் தீக்கொழுந்துபோல் ஏறி நிற்கும். தமிழ்நாட்டு அரசின் மலர் அது. போர்க்காலத்தில் ஓர் இயக்கத்தின் சின்னமாகவும் இருந்தது. அதனால் 2009இல் போர் முடிந்த பின்னும் ஒரு சாரார் அதனைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள், மறு சாரார் கண்ணீர் விடுகிறார்கள். இவை மனிதரின் துயரங்கள். நாம் அவற்றை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அச்செடிக்கு உழவன் வைத்த பெயர் கலப்பைக் கிழங்கு. கிழங்கு வளைந்து கலப்பையைப் போலிருப்பதால் வந்த பெயர். வடமொழியிலும் இலாங்கலி, இலாங்கலம் என்றால் கலப்பை. அச்சொல்லே ஆரிய மொழிக்கு உரியதன்று, முண்டா மொழிகளைப் பேசிய பழங்குடி உழவர்களிடமிருந்து வந்தது என்று மொழியியலார் பலர் கருதுகிறார்கள். தமிழ் உழவனும் வடமொழிக்குச் சொல் கொடுத்த பழங்குடி உழவனும் கிழங்கைத் தோண்டிப் பார்த்து ஒரே உவமையைச் சொன்னார்கள். உண்ணும் வள்ளிக்கிழங்கென்று மயங்கி இதைச் சமைத்துத் தின்று இறந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு. சின்னத்தைப் பற்றி இரு தரப்பும் மணிக்கணக்கில் பேசலாம். பஞ்சகாலத்தில் காட்டுக் கிழங்கு தோண்டப் போகிறவனுக்கு வேண்டியது வேறு செய்தி.

புராணமே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும், அதன் இடத்தில். தாழம்பூவின் கதையைச் சமய பாடத்தில் சொல்லுங்கள்; யார் சொன்னது, எந்நூலில் உள்ளது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹயசிந்தின் கதையைக் கிரேக்க இலக்கியத்தில் சொல்லுங்கள். சொல்லின் பிறப்பு என்ற தலைப்பின் கீழே கொண்டுவந்து வைக்காதீர்கள். வதமல் என்று சிங்களவர் சொல்லும் செவ்வரத்தையை நோக்குங்கள். கொலைத்தண்டனை பெற்றவனின் கழுத்தில் செம்மலர் மாலையிட்டு அழைத்துச் செல்லும் பழைய வழக்கத்தை ஒட்டி ‘வத’ என்ற பெயர் வந்ததாகச் சொல்வார்கள். வடமொழி நாடகமான மிருச்சகடிகத்திலும் சாருதத்தன் அரளி மாலையோடு கொலைக்களத்துக்கு நடத்தப்படுகிறான். அரசர்கள் மனிதரைக் கொன்ற முறையை ஒரு பூவின் பெயர் காட்டிக்கொடுக்கிறது. இந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பயப்படுகிறவர்கள், பூவைச் சக்திக்கு உகந்தது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பாடசாலைத் தோட்டங்களில் செடிகளுக்குப் பெயர்ப்பலகை நடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. நல்ல வழக்கம். அதைப்பற்றி நாம் கல்வி அதிகாரிகளையும் சக ஆசிரியர்களையும் கேட்பது இவ்வளவே. பலகையில் முதல் வரி சிங்களப் பெயர், இரண்டாம் வரி தமிழ்ப் பெயர்; ஒலியொற்றுமையை நம்பாமல், அந்தந்த மொழியார் அந்தச் செடிக்கு வழங்கும் பெயரை அவர்களிடமே கேட்டு எழுதவேண்டும். மூன்றாம் வரி தாவரவியற் பெயர், எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தது என்ற குறிப்போடு. நாகலிங்க மரத்தின் கீழும் கயானா என்று எழுதுங்கள். எவருடைய பக்தியும் அதனால் வாடிவிடாது. நான்காம் வரி அதன் பயன் அல்லது நஞ்சு, இரு மொழியிலும், சிறு பிள்ளையும் வாசிக்கும் எழுத்தில். அரளிக்கும் காந்தளுக்கும் இந்த வரியைச் சிவப்பில் எழுதுங்கள். பலகையில் இடம் போதாது என்று சொல்வார்களானால், புராண வரிக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.